பெர்செபோனி பாதாளத்தில் இருப்பது குளிர்காலத்திலா, கோடையிலா?

தாழைமடல்

கிரேக்கப் புராணத்தில் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் கதை டிமீட்டர், பெர்செபோனி கதைதான். எந்தச் சுருக்கத்தில் படித்தாலும் கடைசி வரி ஒன்றாகவே இருக்கிறது: மகள் பாதாளத்தில் இருக்கும் காலம் குளிர்காலம், திரும்பி வரும் காலம் வசந்தம். இந்த வரியை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், படித்தவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கதை தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கம். டிமீட்டர் தானியத்தின் தெய்வம். அவள் மகள் பெர்செபோனி தோழிகளோடு புல்வெளியில் பூப்பறித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே வேரிலிருந்து நூறு பூ பூத்த நார்சிசஸ் செடி ஒன்று கண்ணில் படுகிறது. கையை நீட்டியதும் நிலம் பிளக்கிறது. இறந்தவர்களின் அரசன் ஹேடிஸ் தேரில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். கடவுள்களின் அரசனும் பெண்ணின் தகப்பனுமான ஜீயஸின் சம்மதத்தோடுதான் இது நடக்கிறது; தாய்க்கு ஒன்றும் தெரியாது. டிமீட்டர் ஒன்பது நாள் கையில் தீப்பந்தத்தோடு உண்ணாமல், குளிக்காமல் தேடி அலைகிறாள். சூரியனான ஹீலியோஸ் உண்மையைச் சொன்னதும் கடவுள்கள் வாழும் ஒலிம்பஸ் மலையை விட்டு இறங்கி, கிழவி வேடத்தில் எலியூசிஸ் ஊருக்கு வருகிறாள். பிறகு விளைச்சலையே நிறுத்திவிடுகிறாள். வேறு வழியில்லாமல் ஜீயஸ் இறங்கி வருகிறான். ஆனால் பெண் கிளம்பும் நேரத்தில் ஹேடிஸ் ஒரு மாதுளை விதையைத் தின்னக் கொடுத்துவிடுகிறான். அதனால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அவள் கீழே இருந்தாக வேண்டும்.

இப்போது கிரேக்க வயலைப் பாருங்கள். ஏதென்ஸ் வட்டாரத்தில் ஆண்டு மழை சுமார் 400 மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெய்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் வானம் அநேகமாகக் காய்ந்தே கிடக்கும். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியாட் உழவனுக்கு நாள் குறித்தே கொடுக்கிறார்: கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் மறையும்போது உழு, எழும்போது அறுப்பைத் தொடங்கு. மறைவது நவம்பர் வாக்கில், எழுவது மே மாதத்தில். ஆக, டிசம்பரிலும் ஜனவரியிலும் பார்லி பச்சைப் பசேல் என்று நிற்கிறது. நிலம் செத்துக் கிடப்பது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. நான்கு மாதம். பன்னிரண்டில் சரியாக மூன்றில் ஒரு பங்கு!

சுவீடன் நாட்டு அறிஞர் மார்ட்டின் நில்சன் இந்த வழியில்தான் யோசித்தார். அறுத்த தானியத்தை நிலத்தடிக் குழியில் கொட்டி மூடுவார்கள், விதைப்புக்கு முன் திறப்பார்கள். தானியமகள் மண்ணுக்குக் கீழே இருக்கும் காலம் அந்தக் கோடைதான் என்றார். பனி பெய்யும் வடக்கு நாடுகளில் இருந்து படித்தவர்களுக்கு வெறும் நிலம் என்றால் குளிர்காலம்தான் நினைவுக்கு வரும். அந்த வாசிப்பையே நாமும் வாங்கி வைத்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

வண்டல்

அருமையான கேள்வி. ஒரே ஒரு சந்தேகம். நிலத்தடிக் குழியில் தானியம் வைத்தார்கள் என்பதற்குக் கையில் பிடிக்கிற மாதிரி சான்று உண்டா? தானியம் உள்ளே போய்ப் பூசணம் பிடிக்காதா? நில்சன் ஊகித்தாரா, எங்காவது எழுதியிருக்கிறதா?

தாழைமடல்

எழுதியிருக்கிறது வண்டல் அண்ணா, அதுவும் கல்லில்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் மக்கள் சபை போட்ட தீர்மானம் ஒன்று கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. எலியூசிஸின் இரு தேவியரான டிமீட்டருக்கும் பெர்செபோனிக்கும் முதல் விளைச்சலைக் காணிக்கையாக அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. பார்லியில் 600இல் ஒரு பங்குக்குக் குறையாமல், கோதுமையில் 1200இல் ஒரு பங்குக்குக் குறையாமல். ஏதென்ஸின் கூட்டாளி நகரங்களும் அனுப்ப வேண்டும். மற்ற கிரேக்க நகரங்களுக்கு வேண்டுகோள் மட்டும், கட்டாயம் இல்லை. வந்து சேரும் தானியத்தைக் கொட்ட எலியூசிஸில் முன்னோர் வழக்கப்படி மூன்று நிலத்தடிக் களஞ்சியக் குழிகள் கட்ட வேண்டும் என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. "முன்னோர் வழக்கப்படி" என்ற சொல்லைக் கவனியுங்கள். குழியில் இடுவது அப்போதே பழைய பழக்கம்.

பூசணத்தைப் பற்றி: நன்றாகக் காய்ந்த தானியத்தைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் அது உள்ளேயே மூச்சு விட்டுக் கரியமில வாயுவை நிரப்பிக்கொள்ளும், பூச்சி செத்துவிடும். மத்தியதரைக் கடல் நாடுகள் பலவற்றில் இந்த முறை நெடுங்காலம் இருந்திருக்கிறது. கோடையில் மண் எலும்பு மாதிரி காய்ந்திருப்பது இதற்கு இன்னும் வசதி.

இளவேனில்

தாழைமடல் சொன்ன உழவு நாட்காட்டி முழுக்கச் சரி. கல்வெட்டும் சரி. ஆனால் பாட்டு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டாமா?

இந்தக் கதைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழு வடிவம் ஹோமர் பெயரில் வழங்கும் டிமீட்டர் துதிப்பாடல். ஏறக்குறைய கி.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டு, 495 வரி. எழுதியது ஹோமர் அல்ல. பல நூற்றாண்டு காணாமல் போயிருந்த பாட்டு, 1777இல் மாஸ்கோவில் ஒரே ஒரு கைப்பிரதியாகக் கிடைத்தது. அந்தப் பிரதி இப்போது நெதர்லாந்தின் லைடன் நகரில் இருக்கிறது. அது மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் இந்த விவாதத்தையே ரோமானியக் கவிஞர்களை வைத்துத்தான் நடத்தியிருப்போம்.

அந்தப் பாட்டில் டிமீட்டர் மகளிடம் சொல்கிறாள்: நிலம் முழுக்க மணமுள்ள வசந்தப் பூக்கள் பூக்கும்போது நீ இருளிலிருந்து மேலே வருவாய். இதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. வசந்தம் என்றே இருக்கிறது. கோடைக் கொள்கைக்காரர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகிறார்கள்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் மகள் கீழே போகும்போது டிமீட்டர் நிலத்தைத் தரிசாக்குகிறாள் என்று பாட்டில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. பஞ்சம் ஒரே ஒரு முறை வருகிறது. மாடுகள் வளைந்த கலப்பையை வீணாக இழுத்தன, வெள்ளைப் பார்லி வீணாக மண்ணில் விழுந்தது என்று பாட்டு விவரிக்கிறது. விதைத்தார்கள், முளைக்கவில்லை. அது தாய் வேண்டுமென்றே செய்தது, ஒரு கோரிக்கைக்காகச் செய்தது. ஒப்பந்தம் ஆனதும் விளைச்சலைத் திரும்பக் கொடுத்துவிடுகிறாள். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பிடுங்கிக்கொள்வாள் என்ற பேச்சே கிடையாது.

அதனால் "குளிர்காலம் ஏன் வருகிறது என்பதற்கான கதை" என்ற விளக்கமும், "கோடை ஏன் வருகிறது என்பதற்கான கதை" என்ற விளக்கமும் இந்தப் பாட்டைச் சிறிதாக்குகின்றன. ஒரு தாய் கடவுள்களின் அரசனைப் பணிய வைத்த கதை இது.

சிட்டு

நான் புதியவள், புராணங்களைப் பள்ளிப் பாடத்துக்கு வெளியே அதிகம் படித்ததில்லை. இளவேனில் அக்காவிடம் ஒரு கேள்வி. ஜீயஸ் இடியை வைத்திருப்பவன், எல்லாருக்கும் அரசன். டிமீட்டரை மிரட்டியிருக்கலாமே? ஏன் இறங்கி வந்தான்? இன்னொன்று, நான் படித்ததில் ஆறு விதை, ஆறு மாதம் என்று இருந்தது. மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது?

இளவேனில்

முதல் கேள்வி இந்தக் கதையின் மையம் சிட்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எலியூசிஸில் டிமீட்டர் ஒரு கிணற்றடியில், ஒலிவ மரத்து நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். அரசன் கெலியோஸின் நான்கு பெண்கள் தண்ணீர் எடுக்க வருகிறார்கள். கிழவி யார் என்று கேட்கிறார்கள். தான் கிரீட்டிலிருந்து கொள்ளையர்கள் பிடித்து வந்த பெண், தப்பி வந்தேன் என்று சொல்கிறாள். தன் மகளுக்கு நடந்ததைத் தனக்கு நடந்ததாக மாற்றிச் சொல்கிறாள்! வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். பளபளக்கும் நாற்காலி வேண்டாம் என்கிறாள். வேலைக்காரி இயாம்பி ஒரு சாதாரண இருக்கையைக் கொண்டுவந்து அதன் மேல் ஆட்டுத்தோலை விரிக்கிறாள். அதில் முகத்திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். இயாம்பி கேலி பேசிப் பேசித்தான் அவளை முதன்முதலாகச் சிரிக்க வைக்கிறாள். மது கொடுத்தால் மறுக்கிறாள். பார்லி மாவும் தண்ணீரும் மணமுள்ள புதினா வகை இலையும் கலந்து தரச் சொல்கிறாள். எலியூசிஸில் டிமீட்டருக்காக நடந்த ரகசியச் சடங்குக்கு வந்தவர்கள் பின்னாளில் குடித்தது இந்தப் பானத்தைத்தான்.

அரசி மெட்டனைராவின் ஆண் குழந்தை டெமொஃபோனை வளர்க்கும் பொறுப்பு அவளிடம் வருகிறது. பகலில் அமுதம் பூசுகிறாள், இரவில் நெருப்புக்குள் வைக்கிறாள், சாவே இல்லாதவனாக்க. ஒரு மனிதக் குழந்தை சாகாமல் போனால் ஹேடிஸின் கணக்கில் ஒரு உயிர் குறையும். அவன் என் பிள்ளையை எடுத்தான், நான் அவனிடமிருந்து ஒன்றை எடுக்கிறேன் என்ற வேகம் அதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. தாய் எட்டிப் பார்த்து அலறியதும் அந்த முயற்சி கெட்டுவிடுகிறது. டிமீட்டர் தன் உருவத்தைக் காட்டிக் கோவில் கட்டச் சொல்லி, அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

அதற்குப் பிறகுதான் பஞ்சம். ஜீயஸ் ஏன் பணிந்தான் என்பதைப் பாட்டே சொல்கிறது: மனித இனம் பட்டினியில் அழிந்தால் ஒலிம்பஸில் இருப்பவர்களுக்குப் பலியும் காணிக்கையும் யார் தருவார்? இடியால் அவளை என்ன செய்ய முடியும்? அவள் சாகாதவள். அடித்தாலும் பார்லி முளைக்காது. முதலில் தூது தேவதை ஐரிஸை அனுப்புகிறான். பிறகு ஒவ்வொரு கடவுளாகப் பரிசோடு அனுப்புகிறான். மகளைக் கண்ணால் காணும் வரை ஒலிம்பஸில் கால் வைக்க மாட்டேன், விளைச்சலை விட மாட்டேன் என்கிறாள். கடைசியில் கடவுள்களின் தூதன் ஹெர்மிஸ் பாதாளத்துக்குப் போக வேண்டியதாகிறது.

இலியட்டில் அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு போரை விட்டு விலகி உட்காருகிறான் அல்லவா? பரிசுகளோடு தூது வருகிறது, மறுக்கிறான். அதே அமைப்புதான் இங்கேயும். ஒரு வித்தியாசம்: அக்கிலீஸ் திரும்பும்போது அவன் உயிர்த்தோழன் பெட்ரோக்ளஸ் செத்துவிட்டான். டிமீட்டர் தன் மகளை உயிரோடு திரும்பப் பெறுகிறாள். கிரேக்க இலக்கியத்தில் விலகி உட்கார்ந்து வென்ற பெண் இவள்தான் என்று நான் நினைக்கிறேன்.

விதைக் கணக்கை வேறு யாராவது சொல்லட்டும்.

நாடோடி

நான் எலியூசிஸ் போயிருக்கிறேன், அதனால் இடத்தைப் பற்றிக் கொஞ்சம்.

ஏதென்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர். இப்போது எலெப்சினா என்று பெயர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் கப்பல் தளமும் உள்ள தொழில் நகரம். 2023இல் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரங்களில் ஒன்றாக இருந்தது. இடிபாடுகளுக்குள் நுழையும் இடத்திலேயே கல் கட்டிய வட்டக் கிணறு ஒன்று இருக்கிறது. உள்ளே போனால் பாறையை வெட்டிய படிக்கட்டுகள் சுற்றி ஓடும் பெரிய சதுர மண்டபத்தின் தரை. ஒரு பக்கம் ஐம்பது மீட்டருக்கு மேல். சடங்கின் உச்சம் நடந்தது இங்கேதான். கிரேக்கக் கோவில்களில் பொதுவாகச் சிலைக்குத்தான் உள்ளே இடம், மக்கள் வெளியே நிற்பார்கள். இங்கே ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே நின்றிருக்கிறார்கள்.

என் மனதில் நிற்பது ஒரு சிலை. தலையில் புனிதக் கூடை தாங்கிய பெண், வாசல் மண்டபத்தைச் சேர்ந்த இரண்டு சிலைகளில் ஒன்று, கி.மு. முதல் நூற்றாண்டு. பல நூற்றாண்டு கழித்து, பழைய மதம் போய் ஊரே கிறிஸ்தவ ஊராகிவிட்ட பிறகும், உடைந்த அந்தச் சிலையைச் சுற்றி எலியூசிஸ் விவசாயிகள் எருவைக் குவித்து வைத்திருந்தார்கள். அவள் இருப்பதால்தான் வயல் விளைகிறது என்று நம்பினார்கள். 1801இல் எட்வர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயர் துருக்கிய அதிகாரியிடம் அனுமதி வாங்கி, ஊர்க்காரர்கள் தடுத்தும் கேளாமல் எடுத்துப் போனார். ஏற்றிப் போன கப்பல் இங்கிலாந்துக் கரைக்குப் பக்கத்தில் உடைந்தது. சிலையை மீட்டார்கள். இன்று அது கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜோடிச் சிலை எலியூசிஸிலேயே இருக்கிறது. அந்த இரண்டும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அலைமேடு

எல்லாரும் டிமீட்டர் பக்கமே பேசுகிறீர்கள். பெர்செபோனி பக்கம் யாராவது பேச வேண்டும்.

அவள் வெறும் பலியாடு அல்ல. ஒடிசியில் இறந்தவர்களின் நிழல்களை அனுப்புவதும் கலைப்பதும் அவள்தான். செத்த மனைவியை மீட்க வந்த பாடகன் ஆர்ஃபியஸ் கெஞ்சியது அவளிடமும்தான். தீசியஸ், பெய்ரிதோஸ் என்ற இரண்டு வீரர்கள் அவளைக் கடத்தப் பாதாளத்துக்கு இறங்கி, உட்கார்ந்த இருக்கையை விட்டு எழ முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். தெற்கு இத்தாலியில் கல்லறைகளில் கிடைத்த மெல்லிய தங்கத் தகடுகளில், இறந்தவர் பாதாளத்தில் யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. "தூயவர்களிடமிருந்து தூயவளாக வருகிறேன், கீழுலகின் அரசியே" என்று தொடங்கும் தகடுகள் உண்டு. ஹேடிஸைக் கூப்பிடுவதற்கு முன்பே அவளைக் கூப்பிடுகிறார்கள்.

ஹேடிஸும் மற்ற கடவுள்களோடு ஒப்பிட்டால் மோசமில்லை. ஜீயஸ், பொசைடன் பட்டியலைப் பாருங்கள். இவன் ஒரே மனைவியோடு இருக்கிறான், அவளுக்குப் பாதி அரசாட்சி கொடுக்கிறான். இப்போது வரும் நாவல்கள் இதைக் காதல் கதையாக எழுதுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இளவேனில்

பெர்செபோனி வல்லமையுள்ள அரசி என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். காதல் கதை என்பதில் இல்லை.

பாட்டின் தொடக்கத்தில் அவள் தேரில் கத்துகிறாள், தகப்பனைக் கூப்பிட்டுக் கத்துகிறாள். சம்மதம் கொடுத்தவனே அவன் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கூக்குரல் மலைகளிலும் கடலாழத்திலும் எதிரொலிக்கிறது என்று பாட்டு சொல்கிறது. மாதுளை விதையைச் சுற்றும் முற்றும் பார்த்து ரகசியமாகக் கொடுத்தான் என்று கவிஞர் சொல்கிறார். பலவந்தமாகத் தின்ன வைத்தான் என்று அவளே தாயிடம் சொல்கிறாள். அவளை விரும்பிப் போனவளாக்க வேண்டுமென்றால் இந்தப் பாட்டை மூடி வைத்துவிட்டுப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

மாசிடோனியாவில் வெர்ஜினா கல்லறைச் சுவரோவியத்தைப் பாருங்கள். 1977இல் மனோலிஸ் ஆண்ட்ரோனிகோஸ் கண்டெடுத்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டு. ஹேடிஸ் ஒரு கையில் செங்கோலும் கடிவாளமும், மறு கையில் பெண்ணைப் பிடித்திருக்கிறான். அவள் உடம்பு முழுக்கத் தேருக்கு வெளியே சாய்ந்து, இரண்டு கையையும் பின்னால் வீசியிருக்கிறாள். தோழி ஒருத்தி தரையில் பதறிக் குறுகிக் கிடக்கிறாள். பக்கத்துச் சுவரில் டிமீட்டர் தனியாக ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். வரைந்தவனுக்கு இது காதலாகத் தெரியவில்லை.

வண்டல்

இதில் ஒன்று சேர்க்கிறேன். இந்தக் கதை கிரேக்கப் பெண்களின் கல்யாணத்தைத்தான் பேசுகிறது என்று படித்தபோது எனக்குப் பல விஷயம் தெளிவானது. ஏதென்ஸில் பெண்ணைக் கொடுப்பது தகப்பன். மாப்பிள்ளையோடு வார்த்தை பேசி முடித்தால் நிச்சயம் ஆகிவிடும், பெண்ணின் தாயிடம் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கிரேக்க எழுத்தாளர் ஜெனோபனின் நூலில் இஸ்கோமகஸ் என்பவன் தன் மனைவி வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்துகூட ஆகவில்லை என்கிறான். ஜீயஸ் செய்ததும் சட்டப்படி ஒரு கல்யாணம்தான். ஹீலியோஸ் டிமீட்டரிடம் அதையே ஆறுதலாகச் சொல்கிறான்: மாப்பிள்ளை தகுதியில்லாதவன் அல்ல, உன் கூடப் பிறந்தவன்தானே என்று! அந்த ஆறுதலைக் கேட்டு அவளுக்குக் கோபம் இன்னும் ஏறுகிறது.

தெற்கு இத்தாலியின் லோக்ரி நகரில் பெர்செபோனி கோவிலில் ஏராளமான சுடுமண் பலகைகள் கிடைத்தன, கி.மு. 5ஆம் நூற்றாண்டு. சிலவற்றில் பெண்ணைத் தேரில் தூக்கிப் போகும் காட்சி. சிலவற்றில் ஹேடிஸும் அவளும் கையில் தானியக் கதிரும் சேவலும் வைத்துக்கொண்டு அரியணையில் இருக்கும் காட்சி. கல்யாணம் ஆகப் போகும் பெண்கள் அங்கே காணிக்கை வைத்தார்கள் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பயமும் மரியாதையும் ஒரே கோவிலில் இருந்திருக்கின்றன. அதனால் அலைமேடு சொல்வதும் இளவேனில் சொல்வதும் கிரேக்கர்களிடமே சேர்ந்து இருந்ததாக நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஃப்ராசிக்லேயா என்ற பெண்ணின் கல்லறைச் சிலை இருக்கிறது. 1972இல் அட்டிகாவில் மண்ணுக்குள் முழுசாகக் கிடைத்தது, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கல்யாணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் எனக்கு இந்தப் பெயரைக் கொடுத்தன, என்றைக்கும் கன்னி என்றே அழைக்கப்படுவேன் என்று அடியில் எழுதியிருக்கிறது. கையில் தாமரை மொட்டு, கழுத்தில் மணிமாலை, ஆடையில் சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது. கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை ஹேடிஸுக்கு மணமுடித்தவளாகவே பேசினார்கள். டிமீட்டர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் பெண்ணைப் பறிகொடுத்த தாய்மார்கள் இருந்திருப்பார்கள்தானே.

நாடோடி

சிட்டு கேட்ட விதைக் கணக்கு.

துதிப்பாடலில் ஒரு விதை, மூன்றில் ஒரு பங்கு. ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியதில் ஏழு விதை, ஆண்டில் சரிபாதி. பாதாளத் தோட்டத்தில் அவள் தானே பறித்துத் தின்றதை அஸ்கலாஃபஸ் என்பவன் பார்த்துக் காட்டிக்கொடுத்து ஆந்தையாகிறான். நீங்கள் படித்த ஆறு விதை, ஆறு மாதம் என்பது அந்தச் சரிபாதியை வைத்துப் பின்னால் சுத்தமாக்கிய கணக்கு.

ஓவிட் இடத்தையும் மாற்றுகிறார். அவருக்குக் கடத்தல் நடந்தது சிசிலியில், என்னா நகருக்குப் பக்கத்து பெர்குசா ஏரியில். ரோமானியப் பேச்சாளர் சிசரோவும் என்னாவைத்தான் சொல்கிறார். சிசிலி முழுக்க இந்த இரு தேவியரின் தீவு என்றே நம்பினார்கள். இன்று அந்த ஏரியைச் சுற்றிக் கார் பந்தயத் தடம் ஓடுகிறது.

சிசிலியில் பார்க்க வேண்டியது ஐடோனே ஊர் அருங்காட்சியகம். பக்கத்து மோர்கன்டினா அகழ்விடத்தில் இருந்து திருடப்பட்ட சுடுமண் ஹேடிஸ் தலை ஒன்று அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சிவப்புத் தலைமுடி, நீலச் சாயம் பூசிய சுருட்டைத் தாடி. மோர்கன்டினாவில் டிமீட்டர், பெர்செபோனி வழிபாட்டிடத்தில் அகப்பட்ட நீலச் சுருள் துண்டுகள் அந்தத் தாடியோடு பொருந்தின. 2016இல் திருப்பிக் கொடுத்தார்கள். பாதாள அரசனையும் ஒருமுறை கடத்தி, மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

சிட்டு

நன்றி நாடோடி அண்ணா. எலியூசிஸ் சடங்கில் என்னதான் நடந்தது? யாருக்குமே தெரியாதா?

தாழைமடல்

வெளியே நடந்தது தெரியும், உள்ளே நடந்தது தெரியாது.

செப்டம்பர் வாக்கில், போயெட்ரோமியான் மாதத்தில் விழா. சேர விரும்புகிறவர்கள் ஆளுக்கு ஒரு பன்றிக்குட்டியோடு கடலில் இறங்கிக் குளிப்பார்கள். பிறகு ஏதென்ஸிலிருந்து எலியூசிஸ் வரை ஊர்வலம். வழியில் கெஃபிசோஸ் ஆற்றுப் பாலத்தில் கேலிப் பேச்சு நடக்கும். ஆண், பெண், அடிமை, சுதந்திரர் எல்லாரும் சேரலாம். கிரேக்க மொழி தெரிந்திருக்க வேண்டும், கையில் கொலைப் பழி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சிசரோ சேர்ந்தார், அகஸ்டஸ், ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் போன்ற பேரரசர்களும் சேர்ந்தார்கள். உள்ளே பார்த்ததை வெளியே சொன்னால் மரண தண்டனை. கி.மு. 415இல் ஏதென்ஸ் தளபதி அல்சிபியாடிஸ் வீட்டு விருந்தில் சடங்கை நடித்துக் காட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, நாட்டை விட்டே ஓடினார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு இந்த ரகசியம் காக்கப்பட்டது. கிறிஸ்தவ எழுத்தாளர் ஒருவர், உச்சத்தில் மௌனமாக ஒரு அறுத்த தானியக் கதிரைக் காட்டினார்கள் என்று எழுதியிருக்கிறார். கி.பி. 392இல் ரோமானியப் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடை செய்தார். சில ஆண்டுகளில் அலாரிக் தலைமையில் வந்த கோத்து இனப் படையினர் எலியூசிஸை அழித்தார்கள்.

அப்புறம், என் முதல் கேள்விக்கு இந்த விழா நேரம் முக்கியம். செப்டம்பர் என்பது குழி திறந்து விதைப்புக்குத் தயாராகும் நேரம். அடுத்த மாதம் டிமீட்டருக்கான தெஸ்மோஃபோரியா விழா, ஏதென்ஸில் மணமான பெண்கள் மட்டும் மூன்று நாள் கொண்டாடியது. முன்கூட்டியே பன்றிக்குட்டிகளை ஆழமான குழிகளில் போட்டிருப்பார்கள். அழுகிய மிச்சத்தை, மூன்று நாள் விரதம் காத்த பெண்கள் உள்ளே இறங்கி, பாம்புகளை விரட்டச் சத்தம் எழுப்பிக்கொண்டே அள்ளி வருவார்கள். அதைப் பீடத்தில் வைத்து, விதையோடு கலந்து தூவினால் நன்றாக விளையும் என்று நம்பினார்கள். நடுநாள் முழுக்கப் பட்டினி, வெறும் தரையில் உட்கார வேண்டும், டிமீட்டர் உட்கார்ந்த மாதிரி. கீழே போனது மேலே வருவதும் விதையாவதும் இலையுதிர் காலத்தில்தான் நடக்கின்றன. இதனால்தான் கோடை என்கிறேன்.

இளவேனில்

சடங்கு நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் உங்கள் வாதம் பலமானது, மறுக்கவில்லை. விதை மண்ணுக்கடியில் இருந்து எழுவதும் பெண் பாதாளத்தில் இருந்து எழுவதும் அந்தப் பெண்களின் கையில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

ஆனால் பாட்டின் கடைசிப் பகுதியில் ராரோஸ் சமவெளி வருகிறது, எலியூசிஸுக்குப் பக்கத்து வயல். அங்கே வெள்ளைப் பார்லி டிமீட்டரின் திட்டத்தால் மறைந்து கிடந்தது, வசந்தம் வளர வளர நீண்ட கதிர்கள் அலையடிக்கும், பிறகு அறுத்துக் கட்டுக் கட்டுவார்கள் என்று கவிஞர் சொல்கிறார். வசந்தம் என்பது கிரேக்கத்தில் வெறும் பூக்காலம் அல்ல, கதிர் பால் பிடித்து முற்றும் காலம். பெர்செபோனி மேலே வருவதை அவர் அந்தக் கதிரோடு சேர்த்தார். சடங்கு செய்த பெண்கள் விதையோடு சேர்த்தார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்துவதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தாழைமடல்

ராரோஸ் வரியை அப்படிப் படித்தால் பனிக்காலக் கொள்கை போய்விடுகிறது, அது எனக்குப் போதும். நான்கு மாதக் கணக்கை மட்டும் நான் விடப் போவதில்லை. அலைமேடு, தங்கத் தகடுகளைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். அதில் இன்னும் பேச நிறைய இருக்கிறது.